ஜாகீர்: ஒரு நிலம், மூன்று வாசிப்புகள்

யூஜீன் இர்ஷிக் எழுதிய 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி' 1994-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1795 முதல் 1895 வரை செங்கல்பட்டு ஜாகீரில் நிலம், ஊர், சாதி பற்றிய எண்ணங்கள் எப்படி உருவாயின என்பதுதான் அதன் பொருள். பூந்தமல்லி, தாம்பரம், காஞ்சிபுரம், மதுராந்தகம் எல்லாமே இந்த ஜாகீருக்குள் அடக்கம். ஆசிரியர் பெர்க்லியில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அந்த பெர்க்லியும் ஒரு மானிய நிலத்தின் மேல்தான் நிற்கிறது.

1820-ல் ஸ்பானிய ஆளுநர் பாப்லோ விசென்டே டி சோலா, லூயிஸ் மரியா பெரால்டா என்ற சார்ஜெண்டுக்கு அவருடைய ராணுவச் சேவைக்காக 44,800 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். அதற்கு ரான்சோ சான் அன்டோனியோ என்று பெயர். இன்றைய ஓக்லாண்ட், பெர்க்லி, அலமேடா எல்லாம் அதற்குள் வரும். அடுத்த வருடமே மெக்சிகோ சுதந்திரம் அடைந்தது. மெக்சிகோ ஆட்சியில் இந்த மாதிரி மானியங்கள் பல மடங்கு பெருகின. நிலம் வேண்டுபவர் மனுவோடு கையால் வரைந்த ஒரு படமும் வைக்க வேண்டும். அந்தப் படத்தில் ஒரு ஓடை, ஒரு குன்று, நாலு கருவாலி மரம் இருக்கும். அதுதான் எல்லை. 1848-ல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது. சொத்துரிமை மதிக்கப்படும் என்று உடன்படிக்கையில் எழுதினார்கள். மூன்றே வருடத்தில், 1851-ல், ஒரு சட்டம் வந்தது: மானியம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்று கமிஷன் முன்னால் நிரூபிக்க வேண்டும். 813 கோரிக்கைகள் வந்து, 604 ஏற்கப்பட்டன. ஆனால் ஒரு வழக்கு முடிய சராசரியாக 17 வருடம் ஆனது. அதற்குள் வக்கீல் ஃபீஸாகவே பாதி நிலம் போயிருக்கும். மீதியில் தங்கம் தேடி வந்தவர்கள் குடிசை போட்டிருப்பார்கள். பெரால்டாவின் மகன்கள் வழக்கில் ஜெயித்தார்கள், நிலத்தை இழந்தார்கள்.

கலிபோர்னியாவை இங்கே இழுப்பதற்குக் காரணம், நம்ம ஊரில் இந்தக் கதை வேறு பெயர்களில் அப்படியே நடந்திருக்கிறது. சன்னிவேலிலும் மில்பிடாஸிலும் வாடகைக்கு இருக்கும் தாம்பரத்துப் பிள்ளைகள் ஒரு ஜாகீரிலிருந்து இன்னொரு ஜாகீருக்குத்தான் குடிபோயிருக்கிறார்கள். மில்பிடாஸ் 1835-ல் கொடுக்கப்பட்ட ஒரு ரான்சோவின் பெயர்.

நம்முடைய மானியம் 1763-ல் வந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி, தன்னை அரியணையில் காப்பாற்றி வைத்திருந்த கும்பினிக்கு, கடனுக்கும் நன்றிக்கும் சேர்த்து, சென்னையைச் சுற்றியிருந்த நிலத்தை ஜாகீராகக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து டெல்லி பாதுஷாவின் ஒப்புதலும் வந்தது. கும்பினி அதை வாங்கிய கையோடு நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780-ல் ஹைதர் அலியின் படை வந்து போனபின் பல ஊர்களில் ஆளில்லை, ஏரிகள் உடைந்து கிடந்தன. அதன்பிறகுதான் கும்பினி நேரடியாக நிர்வாகத்துக்கு வந்தது.

இந்த ஜாகீரைப் பற்றி மூன்று வாசிப்புகள் இருக்கின்றன. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வரும்.

முதல் வாசிப்பு தரம்பாலில் தொடங்குகிறது. 1767-க்கும் 1774-க்கும் நடுவில் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் சுமார் 2000 ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, எத்தனை தோப்பு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதித்தந்ததுதான் அடிப்படை. தரம்பால் இந்தக் கணக்கைத் தேடி எடுத்து, அதன் முக்கியத்துவத்தை முதலில் உரக்கச் சொன்னார். பிறகு ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. ஸ்ரீனிவாஸும் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கை விரிவாகப் பதிப்பித்தார்கள்.

அவர்கள் காட்டும் சித்திரம் மயக்கக்கூடியது. அறுவடைக் களத்தில் நெல் அளக்கும்போதே, அரசுக்குப் போகும் முன்னால், கோயிலுக்கு, சத்திரத்துக்கு, ஏரிப் பராமரிப்புக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு என்று பங்கு பிரிந்துவிடும். சுதந்திரம், மேரை என்று அதற்குப் பெயர். சுதந்திரம் என்ற சொல்லுக்குக் களத்துமேட்டில் நெல் என்று பொருள் இருந்ததை நான் இங்கேதான் தெரிந்துகொண்டேன். வரியை மேலே அனுப்பிவிட்டு, பிறகு நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும் இன்றைய பஞ்சாயத்துத் தலைவர் யாரும் பொறாமைப்படுவார். தானே தன் செலவைப் பார்த்துக்கொண்ட ஒரு சமூகம் இங்கே இருந்தது, கும்பினி அதை உடைத்தது என்பது அவர்கள் வாதம். முதல் பாதி பெருமளவு சரி. அந்த ஏரிகளை வெட்டியதும் காத்ததும் மேலிருந்து வந்த பொதுப்பணித்துறை இல்லை.

என் வேலை டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டது. ஒரு அட்டவணையை வடிவமைக்கும்போது எந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறோமோ, அதைப் பற்றிப் பிற்பாடு எந்தக் கேள்வியும் கேட்க முடியாது என்பது இந்தத் தொழிலில் சீக்கிரமே உறைக்கும். ஊர்க் கணக்கில் பறைச்சேரி வீடுகள் எண்ணிக்கையாக இருக்கின்றன. வெட்டியானுக்குப் பங்கு இருக்கிறது. சேற்றில் இறங்கி நாற்று நட்ட படியாள் எந்த நிபந்தனையில் அங்கே இருந்தார், அவரால் ஊரை விட்டுப் போக முடியுமா, போனால் பிடித்து இழுத்து வருவார்களா என்பதற்குக் கட்டம் இல்லை. தரம்பால் வழி வந்தவர்கள் கட்டங்களைக் கவனமாகக் கூட்டுகிறார்கள். விட்டுப்போன கட்டத்தைப் பற்றிய கவலை அவர்களிடம் குறைவு. பங்கு பெற்றவர்களின் பட்டியல் நீளமாக இருப்பதை வைத்து அந்தச் சமூகம் எல்லாருக்குமானது என்று முடிவு கட்டுவது, அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் மினிட்ஸை வைத்து வாட்ச்மேன் சந்தோஷமாக இருக்கிறார் என்று சொல்வது மாதிரி.

இர்ஷிக் இங்கேதான் உள்ளே வருகிறார். அவருடைய கதாநாயகன் லயனல் பிளேஸ், 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டர். மதுராந்தகம் பக்கம் உறவு இருப்பவர்களுக்கு இவரைத் தெரியும். மழையில் ஏரி உடையும் தறுவாயில், கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்து, மண்டியிட்டுக் கும்பிட்ட வெள்ளைக்கார துரை. அந்த ராமர் அதன்பிறகு ஏரி காத்த ராமர் ஆனார். கும்பினி ஜாகீர் கலெக்டரின் தர்மம் என்று கோயில் கல்வெட்டு இன்றும் சொல்கிறது. ஜாகீர் என்ற சொல்லைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் பொதுமக்கள் பார்வையில் இப்போது பார்க்கக் கிடைக்கும் இடம் அநேகமாக அது ஒன்றுதான்.

பக்திக் கதையாக நாம் கேட்டதை இர்ஷிக் நிர்வாக வரலாறாகப் படிக்கிறார். பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டார், காஞ்சிபுரம் வரதராஜர் உற்சவத்தில் ஈடுபட்டார், கோயில்களுக்குச் செய்தார். காரணம், ஹைதருக்கு முன்னால் இங்கே ஒரு பூரணமான பழைய ஒழுங்கு இருந்தது, தான் அதை மீட்கிறேன் என்று அவர் நம்பினார். அந்த 'பழைய ஒழுங்கு' என்ற சித்திரத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் உள்ளூர் ஆட்கள்: துபாஷிகள், கணக்கர்கள், மிராசுதாரர்கள். அவர் வரியை உயர்த்தியபோது மிராசுதாரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அதுவும் ஒரு பேச்சுதான் என்கிறார் இர்ஷிக். காலனியம் பற்றிய அறிவு வெள்ளைக்காரன் மண்டையில் உதித்து நம் மேல் திணிக்கப்பட்டதில்லை. இரண்டு தரப்பும் பேசிப் பேசி, சண்டை போட்டு, சேர்ந்து உண்டாக்கியது. எட்வர்ட் சயீதின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலத்தில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். நம் முன்னோர்களை வெறும் பலியாட்களாக மட்டும் பார்க்காத புத்தகம் என்பதாலேயே எனக்கு இது பிடித்தது.

புத்தகத்தின் சிறந்த பகுதி மிராசு பற்றியது. மிராசு என்றால் என்ன, அது யாருக்கு உண்டு, அது விற்கக்கூடியதா என்று அரசு 17 கேள்விகள் கேட்டது. சென்னை கலெக்டர் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதிய பதில் 1818-ல் அச்சானது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது வருடம் முன்னால் சொன்ன அதே எல்லிஸ். அவர் தனியாக எழுதவில்லை. அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவின் உழைப்பு அதில் கணிசம். காணியாட்சி என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஆவணங்கள், ஓலைகள், ஐதீகங்கள் எல்லாவற்றையும் தேடித்தந்தது அவர் மாதிரி ஆட்கள்.

அந்த ஐதீகங்களில் முக்கியமானது ஆதொண்டைச் சக்கரவர்த்தி கதை. தொண்டைமண்டலம் காடாக இருந்தது, அங்கே குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள், ஆதொண்டை அவர்களை வென்று, காட்டை அழித்து, வேளாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றி, காணியாட்சி கொடுத்தார். 24 கோட்டம், 79 நாடு. தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களெல்லாம் புலியூர்க் கோட்டம். காணிக்கு உரிமை கோரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தக் கதைதான் தாய்ப்பத்திரம். கும்பினி அதிகாரிகள் அதைச் சட்ட ஆவணம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

பெரால்டா வைத்திருந்ததும் இப்படி ஒரு கதைதான். காடாகக் கிடந்த நிலம், நாங்கள் வந்து திருத்தினோம். அங்கே ஓலோனி மக்கள் ஆயிரக்கணக்கான வருடமாக இருந்தார்கள், நம் கதையில் குறும்பர்கள் இருந்தது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் கலிபோர்னியாவில் ஒரே ஒரு விரிசலாவது காகிதத்தில் தெரிகிறது. 1844-ல் ஆளுநர் மிசெல்டொரேனா, லோப்பே இனிகோ என்ற ஓலோனி மனிதருக்கே ஒரு ரான்சோ கொடுத்தார். ரான்சோ போசோல்மி. பூர்வகுடி ஒருவர் பெயரில் மானியம் என்பது அபூர்வம். இன்று அந்த நிலத்தில் மோஃபெட் விமானத்தளம் இருக்கிறது. ஜாகீர் காலத்துக் குறும்பர் யாரும் மிராசு கேட்டுக் கச்சேரி ஏறியதாக நான் படித்த இந்த மூன்று வாசிப்புகளிலும் இல்லை. கதையில் அவர்கள் தோற்கடிக்கப்பட வேண்டியவர்கள், அவ்வளவுதான்.

இப்போது இர்ஷிக்கோடு என் பிணக்கு. உரையாடல் என்ற சொல்லில் ஒரு மேஜை ஒளிந்திருக்கிறது. அந்த மேஜையில் பிளேஸ் இருந்தார், எல்லிஸ் இருந்தார், சங்கரய்யா இருந்தார், ஊரைக் காலி செய்த மிராசுதாரர் இருந்தார். 17 கேள்விகள் மிராசுதாரரின் உரிமையைப் பற்றியவை. அந்த மிராசில் வேலை செய்தவர்கள் மிராசின் ஒரு பகுதியாகத்தான் பதிலில் வருகிறார்கள், நிலத்தோடு சேர்ந்தவர்களாக. அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி சொன்னது 1843-ல்தான். புத்தகத்தின் கடைசிப் பகுதியில் பறையர்கள் வருகிறார்கள். 1890-களில் அவர்களே இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்ற எண்ணம் அதிகாரிகள், மிஷனரிகள், தமிழ் அறிவாளிகள் நடுவே எப்படி உருவானது, அது ஆதிதிராவிடர் என்ற அரசியலுக்கு எப்படி வழிவிட்டது என்று இர்ஷிக் காட்டுகிறார். சுவாரசியமான பகுதி. ஆனால் அங்கேயும் அவர் ஒரு கருத்து உருவாவதைத்தான் பார்க்கிறார். அந்த வருடங்களில் ஒரு படியாள் குடும்பத்தைக் குடியிருந்த மனையிலிருந்து விரட்ட முடியுமா என்ற கேள்வி கருத்து சம்பந்தப்பட்டது இல்லை. முடியும், மனை மிராசுதாரருடையது. அந்த ஒரு உண்மை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உரையாடலை முடித்துவிடும்.

ரூபா விஸ்வநாத்தின் 'தி பரையா ப்ராப்ளம்' (2014) அந்த மனையில்தான் ஆரம்பிக்கிறது என்றே சொல்வேன். 1891-ல் செங்கல்பட்டின் தற்காலிக கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஒரு நீண்ட குறிப்பை அரசுக்கு அனுப்பினார். கூலி, கடன், மனை, புறம்போக்கு கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரருக்கு இருக்கும் முன்னுரிமை என்று எல்லாவற்றையும் எழுதினார். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் மனுப்போட்டால், அதுவரை அதைத் திரும்பியும் பார்க்காத மிராசுதாரர் எனக்கு வேண்டும் என்று வந்து நிற்கலாம், சட்டம் அவருக்குத்தான் முதலில் கொடுக்கும். எல்லிஸின் பக்கங்களில் அழகான பழந்தமிழ் உரிமையாக இருந்த காணியாட்சி, எழுபது வருடத்தில் பக்கத்துச் சேரிக்காரர் கையில் அரை ஏக்கர் போய்விடாமல் தடுக்கும் கருவியாக வேலை செய்தது. மிராசின் வரலாற்றில் இர்ஷிக்கும் தரம்பால் வழியினரும் தொடாத இடம் இது.

மேலதிகாரிகள் ட்ரெமன்ஹீரை எப்படி மழுப்பினார்கள் என்பதை அவர் கோப்பு கோப்பாகக் காட்டும் பகுதி ஒரு த்ரில்லர் மாதிரி நகரும். அரசாங்கக் கோப்பை இவ்வளவு விறுவிறுப்பாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. விவசாயக் கூலி, அடிமைத்தனம் என்று பேச வேண்டிய விஷயம், மெல்ல மெல்ல மதம் சார்ந்தது, சமூகப் பழக்கம் சார்ந்தது, அரசு தலையிடக்கூடாதது என்று மொழிமாற்றம் ஆகிறது. வெள்ளைக்கார அதிகாரியும் உள்ளூர் மிராசுதாரரும் இங்கேயும் சேர்ந்துதான் அறிவை உண்டாக்குகிறார்கள். இர்ஷிக் சொன்ன அதே உரையாடல், மேஜைக்கு அடியிலிருந்து பார்த்தால் இப்படித் தெரிகிறது.

அவர் புத்தகத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலும் மிஷனரிக் கடிதங்களும் அரசுக் கோப்புகளும்தான் அவருடைய சுரங்கம். அதனால் அவருடைய பறையர்கள் பெரும்பாலும் பிறர் எழுத்தில் வாழ்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் இதே ஜாகீர் மண்ணில், கோழியாளத்தில் பிறந்தவர். 1893-ல் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கிவிட்டார், அதாவது ட்ரெமன்ஹீர் குறிப்பு எழுதிய அதே வருடம். நிலம் பற்றி அவர்கள் தரப்பு என்ன கேட்டது என்பது இன்னும் நடுவுக்கு வந்திருக்க வேண்டும். இது இர்ஷிக்குக்கும் பொருந்தும், அவருக்குக் கூடுதலாக.

அந்தக் கோப்புகளிலிருந்து கடைசியில் வந்தது 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கலாம். நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்கின்றன. குறிப்பிட்ட காலம்வரை விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் என்ற நிபந்தனைகள் அதோடு வந்தன. பெரால்டாவின் நிலத்துக்கு நடந்தது இந்த நிலத்துக்கும் நடந்தது: உரிமை காகிதத்தில், அனுபவம் வேறு கையில். ஆனால் பெரால்டாவிடம் இருந்தது 44,800 ஏக்கர். இங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது அதிகபட்சம் சில ஏக்கர், இழந்தால் அடுத்த நாள் கூலிக்குப் போகவேண்டிய நிலம். இரண்டையும் ஒரே சோகமாகப் பாடக்கூடாது.

மாடம்பாக்கத்திலோ முடிச்சூரிலோ மனை பார்த்தவர்களுக்கு இந்த வரலாறு வேறு மொழியில் அறிமுகமாகியிருக்கும். முப்பது வருட வில்லங்கம் க்ளீனா இருக்கு சார், பேங்க் லோன் கிடைக்கும் என்பார் புரோக்கர். முப்பது வருடம் பின்னால் போனால் போதும் என்பதுதான் இன்றைய 17 கேள்வி. தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம் என்று ஒவ்வொன்றாகப் போனால் எங்காவது ஒரு பெயரில் நிற்கும், அந்தப் பெயருக்கு அது எப்படி வந்தது என்று பத்திரம் சொல்லாது. தாலுகா அலுவலகத்தின் அ-பதிவேட்டில் சில சர்வே எண்களுக்கு எதிரே டி.சி. நிலம் என்று குறித்திருக்கும். டி.சி. என்றால் டிப்ரெஸ்டு கிளாஸ். யு.டி.ஆர். காலத்தில், அதாவது 1980-களில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது இந்தக் குறிப்பு பல இடங்களில் விட்டுப்போனது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. நான் சொன்ன கட்டம் பிரச்சினைதான். ஒரு கட்டத்தை அழிக்க யாரும் எதையும் அழிக்கவேண்டியதில்லை, புது அட்டவணைக்கு மாற்றும்போது எடுத்துவராமல் விட்டாலே போதும்.

இர்ஷிக்கின் புத்தகம் வந்த அதே 1994, அக்டோபர் 10. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். இர்ஷிக்கின் கணக்கு 1895-ல் முடிகிறது, அதில் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் 1995-க்குப் பிறகு ஜாகீரைப் பற்றி எழுத உட்காரும் யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது. எனக்குத் தெரிந்து இன்னும் எழுதப்படாத நாலாவது புத்தகம் அங்கிருந்து தொடங்கிப் பின்னால் போகவேண்டும். காரணையின் பதிவேட்டிலிருந்து 1892-க்கு, அங்கிருந்து ட்ரெமன்ஹீருக்கு, எல்லிஸுக்கு, பர்னார்டின் ஓலைக்கு. அந்த ஊருக்கான ஓலையில் சேரிக்கு எத்தனை வீடு என்று ஒரு எண் இருந்தால், அதற்குப் பக்கத்தில் விட்டுப்போன கட்டங்களை இப்போதாவது வரைந்து, கிடைத்ததை நிரப்பிப் பார்க்கலாம். எழுதுபவர் தமிழில் எழுதினால் நல்லது. இந்த மூன்று வாசிப்புகளில் இரண்டை நான் கிண்டிலில் இங்கிலீஷில்தான் படித்தேன், கிழக்குத் தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில்.